நியூயார்க்கின் பழைய குரல் ஒரே கிளிக்கில்... சென்னையின் குரல் எங்கே?

1945 ஜூலை. நியூயார்க் நகரத்தில் பேப்பர் விநியோகிக்கும் தொழிலாளர்கள் ஸ்டிரைக். பதினேழு நாள் வீட்டு வாசலில் பேப்பர் இல்லை. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாத நேரம். பெரியவர்களுக்குச் செய்தி இல்லை என்ற கவலை. குழந்தைகளுக்கு வேறு கவலை, ஞாயிற்றுக்கிழமை படக்கதை வரவில்லையே!

மேயர் லாகார்டியா ஒரு காரியம் செய்தார். ரேடியோ நிலையத்தில் மைக் முன் உட்கார்ந்து படக்கதையை வாசித்தார். சும்மா வாசிக்கவில்லை. குரலை ஏற்றி இறக்கி, ‘டிக் ட்ரேசி’ துப்பறியும் கதையை நடித்தே காட்டினார். கடைசியில், கெட்ட வழியில் வந்த பணம் யாருக்கும் நல்லது செய்யாது என்று குழந்தைகளுக்கு ஒரு புத்திமதியும் சொன்னார்.

எண்பது வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் இன்று யார் வேண்டுமானாலும் போனில் தேடி, அந்த மேயரின் கீச்சுக் குரலைக் கேட்கலாம். காரணம், அதை யாரோ பதிவு செய்தார்கள், யாரோ தூக்கிப் போடாமல் வைத்தார்கள், யாரோ திறந்து விட்டார்கள்.

இந்த மூன்றில் எது இல்லாமல் போனாலும் அந்தக் குரல் இல்லை. சென்னையின் கதை சிக்கிக்கொண்டு நிற்பதும் இந்த மூன்றில்தான்.

ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு ரேடியோ

லாகார்டியா பேசிய நிலையத்தின் பெயர் டபிள்யூஎன்ஒய்சி. நியூயார்க் மாநகராட்சியே சொந்தமாக நடத்திய ரேடியோ. 1924 ஜூலை 8 அன்று மாநகராட்சிக் கட்டடத்திலிருந்து ஒலிபரப்பைத் தொடங்கியது.

அதே மாதம், ஜூலை 31 அன்று, மெட்ராஸிலும் ரேடியோ ஒலித்தது. சி.வி.கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய ‘மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்’தான் அந்த ஒலிபரப்பை நடத்தியது. முதல் டிரான்ஸ்மிட்டரின் சக்தி வெறும் 40 வாட். ஒரு குண்டு பல்பு அளவுதான். இரண்டு நகரங்களுக்கும் நடுவே 23 நாள்தான் வித்தியாசம்.

ஒற்றுமை அதோடு முடியவில்லை. 1927-ல் பணமில்லாமல் கிளப் மூடப்பட்டது. கருவிகள் மாநகராட்சியின் கைக்குப் போயின. 1930 ஏப்ரல் 1 முதல் மெட்ராஸ் மாநகராட்சியே ரேடியோ நடத்தத் தொடங்கியது. ஆமாம், இன்று சொத்து வரி கட்டவும் பிறப்புச் சான்றிதழ் வாங்கவும் போகிற அதே மாநகராட்சிதான். மெரினாவிலும் ராபின்சன் பூங்காவிலும் ஒலிபெருக்கி கட்டி, மாலை நேரத்தில் ஊர் மக்களுக்குப் பாட்டு கேட்க வைத்தார்கள். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இந்த நகர ரேடியோ ஓடியது.

ஒரே மாதத்தில் பிறந்து, இரண்டுமே மாநகராட்சி நடத்திய ரேடியோ. இன்று ஒன்றின் பழைய குரலை உலகமே கேட்கிறது. இன்னொன்றைப் பற்றி வாசிக்க மட்டும்தான் முடிகிறது.

அப்போது பதிவு செய்வது ஏன் கஷ்டம்?

இதற்காக மெட்ராஸ்காரர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைய ரேடியோ என்றாலே நேரலைதான். பாடகர் வருவார், மைக் முன் உட்காருவார், பாடுவார், போவார். பாட்டு காற்றோடு போய்விடும். ஒலிபரப்பைச் சட்டென்று பதிவு செய்ய உதவிய லேக்கர் தட்டுகளே 1930-களின் நடுவில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தன.

அந்தத் தட்டு சுவாரசியமான பொருள். அடியில் அலுமினியத் தகடு. அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு. பூச்சு விறைத்துப் போகாமல் இருக்க அதில் என்ன கலந்தார்கள் தெரியுமா? பாட்டி வீட்டில் இருக்கிற அதே விளக்கெண்ணெய்! போர் வந்து அலுமினியம் விமானம் செய்யப் போனதும், தகட்டுக்குப் பதில் கண்ணாடி வைத்தார்கள். கை தவறினால் அவ்வளவுதான், ஒரு வரலாறு சுக்குநூறு.

உடையாமல் வைத்திருந்தாலும் ஆபத்து உண்டு. வருஷம் ஆக ஆக எண்ணெய்ப் பகுதி வெளியே கசிந்து வெள்ளைப் பொடியாகப் படியும். பூச்சு சுருங்கும், அடியில் இருக்கும் உலோகம் சுருங்காது. ஒருநாள் மேல்பூச்சு காய்ந்த சேறு மாதிரி வெடித்துப் பெயர்ந்து வரும். அதற்கப்புறம் எந்த ஊசியாலும் அந்தக் குரலை எடுக்க முடியாது.

பிறகு வந்த காந்த நாடா, அதாவது ஸ்பூல் டேப்பும் கேசட்டும் தேவலையா? அதுவும் நிரந்தரமில்லை. 1970, 80-களில் வந்த சில வகை டேப்புகளில் பசைப் பூச்சு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓடவிட்டால் டேப் கருவியில் ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும். அதற்கு வைத்தியம் என்ன? டேப்பை 50 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் ‘பேக்’ செய்து, கிடைக்கிற கொஞ்ச நாள் அவகாசத்தில் டிஜிட்டலுக்கு மாற்ற வேண்டும். கேக் செய்கிற கதை மாதிரி இருந்தாலும், உலகம் முழுக்க ஒலிக் காப்பகங்களில் செய்கிற வேலை இது.

இன்னொரு எதிரி, சிக்கனம். டேப் விலை அதிகம் என்பதால் பழையதை அழித்து அதன்மேலேயே புதிதாகப் பதிவு செய்வார்கள். பிபிசி அப்படி அழித்த நிகழ்ச்சிகள் ஏராளம். நிலவில் மனிதன் இறங்கிய அப்போலோ 11-ன் மூலத் தரவு நாடாக்களையே நாசா அழித்துத் திரும்பப் பயன்படுத்திவிட்டது. அவர்களே அப்படி என்றால், மற்ற இடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நியூயார்க் மட்டும் எப்படித் தப்பியது?

நியூயார்க்காரர்கள் அதிபுத்திசாலிகள் என்பதால் இல்லை. அவர்கள் கதையிலும் தடுமாற்றம் நிறைய. படக்கதை வாசித்த அதே லாகார்டியா, மேயர் ஆவதற்கு முன் ‘இந்த ரேடியோ வீண் செலவு, மூட வேண்டும்’ என்ற கட்சியில் இருந்தவர். பதவிக்கு வந்த பிறகு மனம் மாறி, 1942 முதல் 1945 வரை ஞாயிறுதோறும் மக்களிடம் பேச அதையே பயன்படுத்தினார். 1990-களில் இன்னொரு மேயர் நிர்வாகம், நகராட்சிக்கு எதற்கு ரேடியோ என்று முடிவெடுத்தது. நிலையத்தின் உரிமங்கள் 1997-ல் ஒரு லாப நோக்கமற்ற அறக்கட்டளைக்குக் கைமாறின.

ஆனால் ஒரு விஷயம் அவர்களைக் காப்பாற்றியது. ரேடியோ மாநகராட்சியுடையது என்பதால் அதன் பழைய தட்டுகளையும் மாநகராட்சி ஆவணமாகவே பார்த்தார்கள். கல்யாணப் பதிவேடு, கட்டட வரைபடம் எல்லாம் இருக்கும் நகர ஆவணக் காப்பகத்துக்கே ரேடியோ தட்டுகளும் போய்ச் சேர்ந்தன. பின்னால் நிலையமும் தனி ஆவணப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. இரண்டு தரப்பும் சேர்ந்து, அரசு மானியமும் வாங்கி, தட்டுகளை ஒவ்வொன்றாக டிஜிட்டலுக்கு மாற்றின. பட்டியல் போட்டன. இணையத்தில் ஏற்றின.

முக்கியமான வார்த்தை ‘ஆவணம்’தான். ரேடியோ நிகழ்ச்சியை ‘நேற்று ஓடிய புரோகிராம்’ என்று பார்த்தால் அது குப்பை. ‘நகரத்தின் ஆவணம்’ என்று பார்த்தால் அதைத் தூக்கிப் போட யாருக்கும் உரிமை இல்லை. மற்ற வித்தியாசம் எல்லாம் இந்த ஒரு பார்வையிலிருந்து வருவதுதான்.

அந்தப் பார்வையின் அருமை 2001 செப்டம்பர் 11-ல் இன்னொரு முறை தெரிந்தது. டபிள்யூஎன்ஒய்சியின் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் உலக வர்த்தக மைய கோபுரத்தின் மேலேதான் இருந்தது. கோபுரத்தோடு அதுவும் விழுந்தது. ஏ.எம். அலைவரிசையில் நிலையம் தொடர்ந்து பேசியது. பக்கத்துத் தெருவில் வேலை பார்த்த செய்தியாளர்களின் குரல் அன்று எப்படி நடுங்கியது என்பதை, அப்போது பிறக்காதவர்களும் இன்று கேட்க முடியும்.

இந்தியாவில் காப்பகமே இல்லையா?

இருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவு நேரு பேசிய பேச்சு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வார்த்தை மட்டும் இல்லை, அந்தக் குரலே தெரியும். 1948 ஜனவரி 30 அன்று, காந்தி சுடப்பட்ட மாலையில் நேரு ரேடியோவில் பேசினார். எழுதி வைத்து வாசித்த பேச்சு இல்லை அது. தடுமாறித் தடுமாறி வந்த அந்த இடைவெளிகளை எந்தப் புத்தகமும் அச்சிட முடியாது, ஒலிப்பதிவில் மட்டும்தான் அவை இருக்கின்றன.

1947 நவம்பர் 12 அன்று காந்தி டெல்லி ஒலிபரப்பு நிலையத்துக்குப் போய், குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளிடம் ரேடியோ வழியே பேசினார். அவர் நிலையத்துக்கு நேரில் போனது அந்த ஒருமுறைதான். அந்தக் குரலும் காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆக, வானொலியிடம் திறமையும் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது.

சென்னை நிலையத்தின் இசைப் பதிவுகளும் அப்படித்தான். கர்நாடக இசை ரசிகர்களைக் கேட்டால் அது பொக்கிஷம் என்பார்கள். ‘ஆகாஷ்வாணி சங்கீத்’ என்ற பெயரில் வானொலியே பழைய கச்சேரிகளை வெளியிட்டது. பிரசார் பாரதியின் காப்பகப் பிரிவுக்கு யூடியூப் சேனலும் உண்டு.

பிரச்சினை வேறு இடத்தில். பிரதமர் பேசினால் அது நாட்டின் சொத்து. வித்வான் பாடினால் கலையின் சொத்து. ஊர் பேசினால் அது யார் சொத்து? 1969 ஜனவரி 14, மெட்ராஸ் மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆன நாள். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பிப்ரவரி 3-ல் அண்ணா மறைந்தார். கடற்கரைச் சாலையில் கடலுக்குப் போட்டியாக மக்கள் வெள்ளம். சென்னை வானொலி நிலையம் இருப்பதும் அதே சாலையில்தான். அந்த இரண்டு நாள்களிலும் அறிவிப்பாளரின் குரல் எப்படி இருந்தது என்று கேட்க ஆசைப்படும் கல்லூரி மாணவர் எந்த இணையதளத்தில், என்ன தேதியைத் தட்ட வேண்டும்?

பெரிய நாள்கள் மட்டும் இல்லை. 1977 ஜூலை 23 அன்று இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது. காலையில் ஒலிக்கும் தென்கச்சி கோ.சுவாமிநாதனின் ‘இன்று ஒரு தகவல்’ கேட்டுவிட்டுத்தான் பல வீடுகளில் ஆபீஸுக்குக் கிளம்புவார்கள். டெல்லியிலிருந்து ‘செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி’ என்றால் வீடே அமைதியாகும். தென்கச்சியார் குரலை இன்று யூடியூப்பில் கேட்கிறவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். ஏற்றியவர்களில் பலர் சாதாரண ரசிகர்கள். வீட்டில் கேசட் போட்டுப் பதிவு செய்து வைத்தவர்கள். ஒரு நிறுவனம் முறையாகச் செய்ய வேண்டிய வேலையை, ரசிகர்கள் வீட்டு டேப் ரிகார்டரை வைத்துச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போடலாம். ஆனால் ஒரு நகரத்தின் நினைவு அவர்கள் வீட்டு அலமாரியை நம்பியே இருக்கக் கூடாது.

‘யாருப்பா இதெல்லாம் கேக்கப் போறாங்க?’

நியாயமான கேள்விதான். ரோடு, தண்ணி, குப்பை என்று ஆயிரம் செலவு இருக்கும்போது பழைய டேப்புக்கு எதற்குப் பணம்?

முதல் பதில்: இது தள்ளிப் போடக்கூடிய செலவு இல்லை. ரோட்டை அடுத்த வருஷம் போடலாம். டேப் அடுத்த வருஷம் இருக்காது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-லேயே ஓர் எச்சரிக்கை விட்டது. 2025-க்குள் டிஜிட்டலுக்கு மாற்றப்படாத காந்த நாடாக்களில் பெரும்பகுதி நிரந்தரமாகப் போய்விடும் என்றார்கள். டேப் கெடுவது ஒரு பக்கம். அதை ஓட்டும் கருவியும், அதன் உதிரி பாகமும், ரிப்பேர் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கும் இல்லாமல் போவது இன்னொரு பக்கம். அந்தக் கெடு முடிந்துவிட்டது. இப்போது ஓடுவது போனஸ் நேரம்.

இரண்டாவது பதில்: வேலை முன்பைவிடச் சுலபம். முன்பு ஒரு மணி நேர டேப்பில் என்ன இருக்கிறது என்று எழுத ஒருவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்க வேண்டும். இன்று பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தமிழுக்கும் வந்துவிட்டது. அது தப்பும் தவறுமாக எழுதினாலும், தேடுவதற்கு ஒரு முதல் பட்டியல் கிடைத்துவிடும். திருத்துவதை மாணவர்களும் ஆர்வலர்களும் செய்யலாம்.

அப்புறம் காப்புரிமை. இது சாக்கு மட்டும் இல்லை, உண்மையான சிக்கல். ஆனால் தீராத சிக்கல் இல்லை. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை 60 வருஷம். ஒலிபரப்பு நிறுவனத்துக்கான தனி உரிமை 25 வருஷம். அப்படிப் பார்த்தால் 1960-களின் தொடக்கம் வரையிலான பதிவுகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. பாட்டுக்கும் நாடகத்துக்கும் எழுதியவரின் உரிமை தனியாக இருக்கும், உண்மைதான். அதனால் செய்தி, நேர்முக வர்ணனை, பொது அறிவிப்பு என்று சிக்கல் குறைந்தவற்றிலிருந்து தொடங்கலாமே.

இன்றைய குரலுக்கு ஆயுள் மூன்று மாதம்

பழைய கதைதானே என்று விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால் இதே தவறு இப்போதும் நடக்கிறது.

2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘அண்ணா எஃப்.எம்.’ இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. அந்த மாதிரி சமுதாய வானொலிகளுக்கான அரசு விதி, ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளை மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. புகார் வந்தால் சரிபார்ப்பதற்கு மூன்று மாதம் போதும். நாளைய தலைமுறைக்கு அது எப்படிப் போதும்?

2015 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை. பேட்டரி ரேடியோ வைத்திருந்தவர்களுக்கு அதுதான் உலகம். எந்தப் பகுதியில் தண்ணீர் ஏறுகிறது, எங்கே சாப்பாடு கிடைக்கிறது என்று நகரம் ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளத்துக்குத் தயாராகும் அதிகாரிக்கு, எந்த அறிவிப்பு எத்தனை மணிக்குப் போனது என்பதைவிட நல்ல பாடம் வேறு என்ன? அறிக்கை பிறகு எழுதப்படுவது. அந்த நேரத்துக் குரல் பொய் சொல்லாது.

அப்போ, என்ன செய்யலாம்?

முதலில் பட்டியல். எல்லாவற்றையும் டிஜிட்டல் செய்து முடித்த பிறகுதான் வெளியிடுவோம் என்றால் அது நடக்காது. என்ன தேதி, என்ன நிகழ்வு, எந்த வகை டேப், என்ன நிலை என்ற பட்டியல் மட்டும் முதலில் பொதுவெளிக்கு வரட்டும். இருப்பது தெரிந்தால்தான் கேட்க ஆள் வரும். ஆள் வந்தால்தான் பணம் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டமே டேப், கேசட் வடிவில் தகவல் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு மனுப் போடும் நிலை வராமல் பிரசார் பாரதி தானாகவே செய்தால் மரியாதை.

அடுத்து மாநகராட்சி. எட்டு வருஷம் ரேடியோ நடத்திய அமைப்பு அது. ரிப்பன் மாளிகையின் பழைய கோப்புகளில் அந்த ரேடியோவின் கணக்கு வழக்கையும் நிகழ்ச்சி நிரலையும் தேடி எடுத்து வெளியிடட்டும். குரல் கிடைக்காத இடத்தில் காகிதமாவது பேசட்டும்.

மூன்றாவது, தனியார் எஃப்.எம். உட்பட எல்லா நிலையங்களும் வெள்ளம், புயல், தேர்தல் மாதிரியான நாள்களின் ஒலிபரப்பை ஒரு பொதுக் காப்பகத்துக்குக் கொடுக்க விதி வேண்டும். இன்றைய ஹார்ட் டிஸ்க் விலையில் இது ஒரு செலவே இல்லை.

கடைசியாக, உங்கள் வீடு. பரணில் தாத்தாவின் கேசட் பெட்டி இருக்கிறதா? கையில் கிடைத்த மட்டமான பிளேயரில் உடனே போட்டுப் பார்க்காதீர்கள். கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிட்டால் தவறுதலாக மேலே பதிவாகாது. அட்டையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதாமல் இருந்தால், தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். சினிமாப் பாட்டுக்கு நடுவே பத்து நொடி வானொலி அறிவிப்பு வந்தால் அதைத் தள்ளிவிடாதீர்கள். பாட்டு வேறு எங்கேயும் கிடைக்கும். அந்தப் பத்து நொடி ஒருவேளை அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கும்.

1924 ஜூலை 31 மாலை மெட்ராஸ் காற்றில் போன முதல் குரலைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அன்றைக்குக் கருவி இல்லை, அதனால் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. இன்றைக்குக் கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. இனி ஒரு குரல் தொலைந்தால் அதற்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை.